போன் நம்பர் இல்லாத பக்கங்கள்

நவம்பர் 10, திங்கள்

காலை 11.42-க்குப் போன் வந்தது. சென்னை ஆபீசிலிருந்து கல்பனா. ஏப்ரலில், என் மனைவி சுபா ஆபீசில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று கூப்பிட்டதும் அவர்தான். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. நான் ஊரிலிருந்து கிளம்பிச் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து கல்பனாவின் பெயர் திரையில் வந்தால் என் கை கொஞ்சம் தயங்கித்தான் எடுக்கும்.

"தினா, தென்னேரிய நிறுத்திடலாம்னு மேல பேச்சு வந்திருக்கு. வெளியிலிருந்து ரெடிமேடா ஒண்ணு வாங்கிக்கலாம்னு சொல்றாங்க."

ஏன் என்று கேட்டேன்.

"யாருக்கும் ஒண்ணும் புரியல. முன்னாடி எல்லாம் சுபா தலையில இருந்துச்சு. இப்போ உன் தலையில இருக்கு. எழுத்துல எதுவும் இல்ல."

ஜனவரி இரண்டாம் வாரம் முடிவு செய்வார்களாம். அதற்குள் முழு டாக்குமென்ட் எழுதிக் கொடுத்தால் பேசிப் பார்க்கிறேன் என்றார். சரி என்றேன்.

வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். இட்லியா தோசையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நவம்பர் 11

முதல் பக்கம் 'தென்னேரி என்றால் என்ன'. அங்கே எழுத வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் கம்பெனி மூன்று ஆப் செய்கிறது. பால் சேகரிக்கும் இடத்துக்கு ஒன்று, உரக்கடைக்கு ஒன்று, நெல் அறுக்கும் மெஷினை வாடகைக்குப் பிடிக்க ஒன்று. மூன்று டீம். ஆளுக்கொரு மாதிரி பட்டன் வரைந்துகொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு பச்சை. சுபாஷ்ரீ வந்து அத்தனையையும் ஒன்றாக்கினாள். பட்டன், நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி, எச்சரிக்கை எல்லாம் ஒரே இடத்தில். எந்த டீம் என்ன திரை செய்தாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அவள் வரைந்தாள். நான் கோடிங் எழுதினேன்.

தென்னேரி என்பது அவள் பிறந்த ஊரின் பெயர். பெரிய ஏரி, பல மதகு, எல்லா வயலுக்கும் அதே தண்ணீர் — மீட்டிங்கில் இவ்வளவுதான் சொன்னாள். பெங்களூர் ஆபீஸ்காரர்கள் 'டென்னரி' என்பார்கள். திருத்தவே மாட்டாள். "தண்ணி போய்ச் சேர்ந்தா சரி" என்பாள்.

இதையெல்லாம் எழுதி, பிறகு பாதியை அழித்து, அங்கே ஒட்டினேன். நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 14

இளவரசி கூப்பிட்டாள். அறுப்பு மெஷின் டீமில் கோடிங் எழுதுகிறாள். வந்தவாசிப் பெண். ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்தாள், சுபாவைப் பார்த்ததே இல்லை.

"அண்ணா, பட்டன அமுக்குனதும் சாம்பல் கலர்ல ஒரு நிமிட்டு நிக்குதே. அது தப்பா, இல்ல வேணும்னே வெச்சதா?"

"வேணும்னே வெச்சது."

"சுபா அக்கா ஏண்ணா அப்படிப் பண்ணாங்க?"

சொன்னேன். பால் ஊற்றுகிற இடத்தில் கை ஈரமாக இருக்கும். ஈரக் கை திரையில் வழுக்கி இரண்டு தரம் அமுக்கும். ஒரே பால் இரண்டு தரம் பதிவாகும். அதனால் முதல் தரம் அமுக்கியதும் பட்டன் கொஞ்சம் மூச்சு விடுகிறது. இதைக் கண்டுபிடிக்க சுபா தண்ணீர்ச் செம்பில் விரலை நனைத்து நனைத்து என் போனையே பாழாக்கியதையும் சொன்னேன். இளவரசி சிரித்தாள்.

இன்று மொத்தம் மூன்று பேர் கூப்பிட்டார்கள். நல்ல நாள். மதியம் பசித்தது.

நவம்பர் 19

விடாத மழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது. அம்மா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"இன்னா நைனா, எந்நேரமும் எயுதிக்கினே கீற?"

"தென்னேரியப் பத்தி எழுதறேம்மா."

"அதான் அவ செஞ்சி முடிச்சிட்டாளே."

"எப்படிச் செஞ்சதுன்னு எழுதணும். அப்பத்தான் மத்தவங்க செய்வாங்க."

"கொயம்பு வெச்சி எறக்கிட்டு அப்பால எயுதறியா. நல்லா கீது போ." துண்டை என் தலையில் போட்டுவிட்டுப் போனாள். நனைந்திருந்தேனாம். கொல்லைக்குப் போய் வந்தது ஞாபகமே இல்லை.

நவம்பர் 27

இன்று ஒன்றைப் பார்த்தேன். இங்கேயாவது எழுதி வைக்க வேண்டும்.

இடைவெளிப் பக்கத்துக்காக மூன்று ஆப்பிலும் எல்லாத் திரைகளையும் அளந்தேன். அவள் வைத்த ஒவ்வொரு இடைவெளியும் நாலின் மடங்கு. எங்கேயும் தப்பவில்லை. யாரும் பார்க்காத மூலையில், 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்ற வரிக்குக் கீழே கூட. இரண்டு வருடம், இத்தனை அவசரம், நடுவில் கல்யாணம் வேறு. ஒரு இடத்தில்கூட 'போகட்டும்' என்று விடவில்லை.

எழுந்து வாசல் வரை போய் வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எதிர்வீட்டு மாடுதான் பார்த்தது.

டிசம்பர் 3

தெரு முழுக்கத் தீபம். இந்த வருடம் எங்கள் வீட்டுக்குப் பண்டிகை இல்லை. இரண்டு பக்கம் எழுதினேன்.

டிசம்பர் 8

முடித்து அனுப்பிவிட்டேன். முப்பத்தோரு பக்கம். எல்லா பட்டனுக்கும் படம், அளவு, நிறம், கோடிங். மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கர்வமாக இருந்தது. இருக்கட்டும். தப்பா?

டிசம்பர் 10

கல்பனா கூப்பிட்டார். படித்துவிட்டாராம்.

"தினா, ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ ஒரு வரி போட்டிருக்கியே, அது என்ன?"

'ஏன் இப்படி என்று சந்தேகம் இருந்தால் தினகரனை அழைக்கவும்.' கீழே என் போன் நம்பர்.

"சந்தேகம் வந்தா கேட்கட்டும்னுதான்."

"இது டாக்குமென்ட் இல்லப்பா. முப்பத்தோரு பக்க விசிட்டிங் கார்டு."

திரையில் அந்த வரியைத் திரும்பப் பார்த்தேன்.

"உங்க உத்திரமேரூர்லதான கோயில் சுவர் பூரா சட்டம் வெட்டி வெச்சிருக்கு? யாரு தேர்தல்ல நிக்கலாம், யாரு நிக்கக் கூடாதுன்னு? அதுல எங்கயாவது சந்தேகம்னா கூப்பிடுன்னு இருக்கா?"

"அப்போ போன் இல்ல."

"ஆளு இருந்தான்ல?"

இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் குரலை இறக்கினார். ஜனவரி 7-ஆம் தேதி ஒரு சோதனை. இளவரசியின் டீம் புதிதாக ஒரு திரையை என் டாக்குமென்டை மட்டும் வைத்துக் கட்ட வேண்டும். அவர்கள் என்னிடம் பேசக் கூடாது, நானும் அவர்களிடம் பேசக் கூடாது. கட்டிவிட்டால் தென்னேரி நிலைத்து நிற்கும். முடியாவிட்டால் ரெடிமேடு.

"அன்னைக்கு யாரும் உன்னத் தேடக் கூடாது தினா. அதான் கணக்கு" என்றார்.

டிசம்பர் 11

ஏன் நம்பர் போட்டேன்?

தெரியாம போடல. எனக்கு எல்லா ஏனும் தெரியும். எழுதியிருக்கலாம். எழுதல.

கூப்பிட்டாத்தான அவளப் பத்திப் பேசுவாங்க. வேற எவன் பேசறான்? சொந்தக்காரங்க வந்தா மழையப் பத்திப் பேசறாங்க, நெல்லப் பத்திப் பேசறாங்க, அவ பேரு மட்டும் வாயில வராது. எடுத்தா நான் உடைஞ்சிடுவேனாம். அந்த இளவரசி ஒருத்திதான், பார்த்தே இல்லாத ஒருத்தி, தினமும் 'சுபா அக்கா ஏன் இப்படிப் பண்ணாங்க'ன்னு கேக்கறா. அவ இப்பதான் வெளிய போயிருக்கா, வந்தா கேட்டுச் சொல்றேங்கற மாதிரி நானும் பதில் சொல்றேன்.

எல்லா ஏனையும் எழுதி வெச்சிட்டா —

அப்புறம் எதுக்குக் கூப்பிடப் போறாங்க?

டிசம்பர் 12

எழுதவில்லை. போன் வந்தது. எடுத்தேன்.

டிசம்பர் 15

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் கல்வெட்டுக் கோயிலுக்குள் போனேன். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனதற்கு அப்புறம் நின்று பார்த்ததில்லை. ஒரு கைடு நாலைந்து பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். யார் நிற்கலாம் என்பதைவிட யார் நிற்கக் கூடாது என்பதுதான் நீளம் போல. நானும் பட்டனை எப்போது போடலாம் என்று எழுதியிருக்கிறேன். எப்போது போடக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து, முதலில் பட்டன் பக்கத்திலிருந்து நம்பரை எடுத்தேன். அந்த இடம் காலியாக இருந்தது. அங்கே 'ஏன்' என்று தலைப்புப் போட்டு, ஈரக் கை விஷயத்தை எழுதினேன். செம்பை விட்டுவிட்டேன். பிறகு அதையும் சேர்த்தேன். யாராவது ஒரு நாள் அந்தத் தாமதத்தைக் குறைக்க நினைத்தால் செம்பில் விரலை நனைத்துப் பார்த்துவிட்டுக் குறைக்கட்டும்.

டிசம்பர் 18

சிவப்புப் பக்கம்.

இதில்தான் சண்டையே. அறுப்பு மெஷின் டீமின் தலைவர் பிரேம்நாத் எல்லா மீட்டிங்கிலும் கேட்பார்: "குறை இருந்தா சிவப்பு. உலகம் பூரா அப்படித்தாங்க. தென்னேரியில மட்டும் பாதி இடத்துல மண் கலர் எதுக்கு?"

எதுக்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் அது என்னுடையது மட்டும் இல்லை.

அம்மா தினம் காலையில் பால் ஊற்றப் போவாள். கல்யாணமான புதிதில், ஆப் எப்படி ஓடுகிறது என்று பார்க்க சுபா ஒரு நாள் கூடப் போனாள். பால் அளக்கிற கனகா திரையை வரிசை நிற்கும் பக்கமாகத் திருப்பித்தான் வைப்பாள், ஒளிவு மறைவு வேண்டாம் என்று. அன்றைக்கு அம்மாவின் பாலில் சத்து குறைவு. மழைக்காலத்துப் பச்சைப் புல் தின்றால் குறையத்தான் செய்யும். ஆனால் பழைய ஆப்பில் திரை முழுக்கச் சிவப்பு, நடுவில் அம்மாவின் பெயர். பின்னால் நின்ற பாண்டியன் மாமா, "இன்னா யக்கா, ஏரிய அப்டியே மொண்டு கொணாந்துட்டியா?" என்றாராம். வரிசையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாளாம்.

மறுநாள் அம்மா பால் ஊற்றப் போகவில்லை. அதற்கடுத்த நாளும். கால் வலி என்றாள்.

அடுத்த வாரம் சுபா அந்தச் சிவப்பை எடுத்துவிட்டு மண் நிறம் வைத்தாள். மீட்டிங்கில் ஒரே ஒரு வரி சொன்னாள்: "மாடு தின்னதுக்கு மனுஷியை எதுக்குச் சிவப்பா காட்டணும்?" யாருக்கு நடந்தது என்று சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் அடுப்படிக்குப் போனேன்.

"அம்மா, அந்தப் பால் விஷயத்த எழுதட்டுமா?"

"எந்தப் பாலு?"

"பாண்டியன் மாமா சிரிச்சாரே."

அம்மா அடுப்பைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "உங்கிட்ட சொல்லிட்டாளா? ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணாளே. கள்ளி."

எட்டு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அவளைத் திட்டிய முதல் சொல்.

"எதுக்கு அத்த எயுதணும்?"

"ஏன் சிவப்பு இல்லன்னு கேக்கறாங்கம்மா. காரணம் எழுதலன்னா திரும்ப வெச்சிடுவாங்க."

துணியைப் பிழிந்து உதறினாள். "எயுது. எம் பேரப் போடாத." துணியைக் கொடியில் போட்டுவிட்டு, "பாண்டியன் பேரப் போடு" என்றாள்.

டிசம்பர் 19

எழுதிவிட்டேன். எந்தப் பெயரும் போடவில்லை. ஒரு பெண், ஒரு வரிசை, ஒரு சிரிப்பு, அதற்கப்புறம் வந்த கால் வலி. கீழே:

'ஒரு பொருள் அழியும் என்றால், பணம் திரும்பாது என்றால் சிவப்பு வையுங்கள். ஒரு ஆளின் பெயருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்தத் திரையை அவர் மட்டும் பார்ப்பதில்லை.'

சத்தமாகப் படித்துப் பார்த்தேன். சுபா பேசுவது மாதிரி இல்லை. நான் பேசுவது மாதிரியும் இல்லை. தென்னேரி பேசுவது மாதிரி இருந்தது.

டிசம்பர் 29

கடைசிப் பக்கத்திலிருந்தும் நம்பரை எடுத்தாயிற்று. அறுபது பக்கத்தைத் தாண்டிவிட்டது. என் பெயர் எங்கேயும் இல்லை. அவள் பெயர் முதல் பக்கத்தில் ஒரே இடத்தில்: 'வரைந்தவர் சுபாஷ்ரீ.' அதற்குமேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டியிருக்கவில்லை. மீதி எல்லாப் பக்கமும் அதைத்தான் சொல்கிறது.

இப்படி ஒன்றைச் செய்தவளுக்குப் புருஷன் நான். அதை எழுதியவனும் நான்.

ஜனவரி 2

போன் வரவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

ஜனவரி 7, புதன்

சோதனை நாள். காலையிலிருந்து மேசைமேல் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாத்துக்கு அத்தயே பாத்துக்கினு குந்தினு கீற? முட்டையா போடப் போவுது?" — அம்மா.

"அடிக்கக் கூடாதும்மா. அதான் பார்க்கறேன்."

"அடிக்கக் கூடாதுன்னா அணைச்சி வெக்கறதுதான?"

ஏப்ரலிலிருந்து அதை அணைத்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரவுகூட. அணைத்திருக்கிற நேரத்தில் வேறு ஏதாவது வந்துவிட்டால்?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடித்தது. இளவரசி.

கை தானாகப் போனது. எடுத்தால் சோதனை தோற்றது. எடுக்காவிட்டால் அவள் மாட்டிக்கொண்டு நிற்பாள், அப்போதும் தோற்கும். எதில் மாட்டியிருப்பாள்? எதை எழுதாமல் விட்டேன்? அண்ணான்னு கூப்பிடற பொண்ணு, ஒரு வார்த்தை சொன்னா போதும், ஒரே வார்த்தை —

அடித்து நின்றது. கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா பார்த்துக்கொண்டே சோறு போட்டாள். சாம்பார். ஞாபகம் இருக்கிறது.

மறுபடி அடிக்கவில்லை.

சாயங்காலம் கல்பனா. இந்த முறை கை தயங்கியதா என்று கவனிக்க மறந்துவிட்டேன்.

"கட்டிட்டாங்க தினா. ஒரு தடவ உனக்கு அடிச்சாளாமே?"

"எடுக்கல."

"தெரியும். நீ எடுக்கலன்னதும் சிவப்புப் பக்கத்தத் திரும்பப் படிச்சிருக்கா. படம் அனுப்பறேன், பாரு."

பார்த்தேன். அறுப்பு மெஷினுக்காகக் காத்திருக்கும் விவசாயிகளின் வரிசை. ஊரே பார்க்கிற பட்டியல். ஒருவர் வயல் இன்னும் ஈரம், மெஷின் இறங்காது. நானாக இருந்தால் அவர் பெயருக்கு மண் நிறம் வைத்திருப்பேன். சுபாவும் அதைத்தான் வைத்திருப்பாள், நிச்சயமாக. இளவரசி எந்த நிறமும் வைக்கவில்லை. பட்டியலில் 'பிறகு' என்று மட்டும் இருந்தது. ஈரம் என்கிற விவரம் அந்த விவசாயிக்கும் மெஷின் டிரைவருக்கும் மட்டும்தான் தெரியும்.

"பிரேம்நாத் என்ன சொன்னார்?"

"சிவப்பு கேட்டாராம். அந்தப் பக்கத்தப் படிங்க சார்னு லேப்டாப்ப அவர் பக்கம் திருப்பி வெச்சிட்டா. படிச்சிட்டு, எங்க அம்மாவும் பால் ஊத்தினவங்கதான்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாராம்."

ஜனவரி 9, வெள்ளி

தென்னேரி நிற்கிறது. மூன்று டீமுக்கும் அதுதான். வெளியிலிருந்து எதுவும் வாங்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "நிக்குதும்மா."

"இன்னாது?"

"சுபா செஞ்சது."

"அதெல்லாம் நிக்கும்" என்றாள். கண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்" என்றாள். எதிரே இருந்தது முருங்கைக்கீரை.

ஜனவரி 21, புதன்

பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் இறங்கியிருக்கிறது. காலையிலிருந்து ஒரே சத்தம், வைக்கோல் தூசு.

மெயிலில் இளவரசியிடமிருந்து ஒரு பக்கம் வந்திருந்தது. தென்னேரியில் சேர்ப்பதற்கு. அவளே எழுதியது. தலைப்பு: 'பொதுப் பட்டியலில் காரணத்தைக் காட்டாதீர்கள்.' எப்போது காட்டலாம், எப்போது கூடாது. ஏன் என்று ஒரு பத்தி. அவள் அப்பாவின் வயல் ஒரு வருடம் காயாமல் கிடந்ததும், கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்ததும். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சுபா அக்கா என்ன செய்திருப்பாங்க என்றும் கேட்கவில்லை.

இதற்கு சுபா என்ன சொல்லியிருப்பாள்? வெகுநேரம் யோசித்தேன். தெரியவில்லை. எனக்குத் தெரியாத முதல் இடம் இது. பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நெஞ்சு நிறைந்து, கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அவள் ஏரியில், அவள் பார்த்திராத பெண் ஒரு மதகு திறந்திருக்கிறாள்.

ஒரு எழுத்தும் மாற்றவில்லை. 'சேர்' பட்டனை அமுக்கினேன். சாம்பலாகி மூச்சு விட்டுப் பச்சையானது.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தூங்கலாம் என்றிருக்கிறேன். போனை அணைத்துவிட்டேன்.